இருபத்தேழு கட்டம் போட்ட தாள்

நவம்பர் மாதத்தில் சுச்சாவா நகரத்தில் கார் கழுவுவது வீண் வேலை என்று எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சொல்வார்கள். காலையில் கழுவினால் மதியத்துக்குள் சேறு. இருந்தாலும் நான் புதன்கிழமைதோறும் கழுவினேன். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் வெறும் நீர். துணியை வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் சோப்பு நீரில் நனைக்க வேண்டும். ஒரு மணல் துகள் துணியில் ஒட்டியிருந்தால் போதும், பெயின்ட்டில் கோடு விழுந்துவிடும். நான் எப்படிப்பட்ட ஆள் என்று பெருமை சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு என் மேலேயே முழு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் எதையும் முறைப்படி செய்கிறேன், செய்ததை எழுதி வைக்கிறேன்.

நோட்டு உங்கள் மேசையில் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். நீங்கள் கேட்பது கவ்ரில் ஹுலுபைப் பற்றி. அவர் எப்படி இறந்தார், அதில் என் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும். இடையில் நான் எங்காவது தவறினால் நிறுத்துங்கள்.

பகலில் எனக்குக் கதவுத் தொழிற்சாலையில் வேலை. செய்து முடித்த கதவுகளை அளந்து பார்ப்பேன். நீளம், அகலம், மூலை மட்டம். பிசகு இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். மாலை ஆறு மணிக்குப் பள்ளி. இருபத்தாறு வயதில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறேன். தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள், கை பழகும் என்று மொழி ஆசிரியை சொன்னார். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள்.

வண்டி அம்மா வாங்கிக் கொடுத்தது. இத்தாலியில் ஏழு வருடம் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்து, படுக்க வைத்துச் சம்பாதித்தாள். ஊர் திரும்பியபோது அவளால் இடது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. வண்டி என் பேரில் இருந்தாலும் அது அவளுடைய தோள்பட்டை. அதன் மேல் ஒரு கீறல் என்றால் எனக்கு என்ன பொருள் என்று இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

வாங்கிய மூன்றாவது மாதம் முன்பக்கம் இடது புறத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாரண்டி இருந்ததால், வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்கே கொண்டுபோனேன். நவம்பர் ஒன்பது, வெள்ளிக்கிழமை, மழை. கையில் தாளுடன் மெக்கானிக் கவ்ரில் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, சின்ன நடை.

"என்ன தம்பி, இன்னும் கடை வாசனையே போகல. அதுக்குள்ள ஆஸ்பத்திரியா?"

"டிக் டிக்னு சத்தம் வருதுண்ணே."

"எப்ப வருது?"

"மேட்டுல இருந்து ஆத்துப் பாலத்துக்கு இறங்கறப்ப. அறுபதைத் தாண்டினா."

"கைக்கடிகாரம் எதையாவது முழுங்கிடுச்சான்னு பாத்துடுவோம்."

அந்தத் தாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இருபத்தேழு கட்டங்கள், கீழே ஒரு காரின் படம். ஏற்கெனவே கீறல், நெளிவு இருந்தால் படத்தில் குறிக்க வேண்டும். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு 'வண்டி அழுக்கு, மேல்சேதம் பார்க்க இயலவில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

"முந்தாநேத்துதான் கழுவினேன்."

"நனைஞ்ச வண்டியும் எங்களுக்கு அழுக்கு வண்டிதான் தம்பி. தண்ணி நிக்கறப்ப கீறல் தெரியாது. மழைன்னா எல்லா வண்டிக்கும் இதான். கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போய் ஒரு துண்டு கேக் எடுத்துக்குங்க. நேத்து தேவதூதர் திருநாள்ல, எனக்கு அவரு பேருதான், அதனால என் பேர் நாள்."

கையெழுத்துப் போட்டேன். கேக்கையும் எடுத்துக்கொண்டேன், ஆனால் சாப்பிடவில்லை. நேற்று பேர் நாள் என்றால் நேற்று குடித்திருப்பார், இன்று கை நிலையாக இருக்காது என்று அன்றைய பக்கத்தில் எழுதினேன். கீறலைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன் என்பதைக் கவனியுங்கள்.

மாலையில் விளக்கடியில் வண்டி உலர்ந்து நின்றது. டிக்கி மூடியின் மேல் பிறை வடிவத்தில் ஒரு கீறல். தொழிற்சாலை அளவுகோல் எப்போதும் பையில் இருக்கும். ஆறரை சென்டிமீட்டர். வரவேற்பு மேசையில் இருந்த செனோவியாவிடம் சொன்னேன்.

"சார், அழுக்குன்னு டிக் இருக்கு. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு. கீறல் முன்னாடியே இருந்துச்சா இல்லையான்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு வாங்க."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். கவ்ரில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "விடு செனோவியா. சின்னப் பையன் முகம் வாடிப் போச்சு. செவ்வாக்கிழமை கொண்டாங்க தம்பி, நானே பாலிஷ் போட்டுத் தரேன். ஓசிதான்."

குற்றமில்லாதவன் ஏன் இரக்கப்படுகிறான் என்று அன்று எழுதியிருக்கிறேன். அது நியாயமான கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவர் அதைக் கெடுத்தார். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, அவரே சொன்னார். பிறை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தழும்பு. மேல்பூச்சு எரிந்துவிட்டது.

"ஒளிக்க மாட்டேன் தம்பி. மெஷினை ஒரே எடத்துல வெச்சுட்டேன். பஞ்சையும் மாத்தாம போட்டேன், அவசரம். என் தப்பு. மூடி முழுக்க பெயின்ட் அடிச்சுத் தரச் சொல்லிட்டேன், மேனேஜர் ஒத்துக்கிட்டாரு. இந்தாங்க, வீட்டுல செஞ்சது."

இரண்டு பாட்டில் சக்குஸ்கா. சுட்ட குடைமிளகாயும் கத்தரிக்காயும் வதக்கி அவர் மனைவி துதோரிட்சா செய்தது. நான் தொடவில்லை. அம்மா ரொட்டியில் தடவிச் சாப்பிட்டாள்.

"இந்தப் பொம்பளை கையைக் கண்ணுல ஒத்திக்கலாம்டா. புகை வாசனை எப்படி ஏறியிருக்கு பாரு."

இரண்டு மணி நேரம் அவள் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது எதையும் நிரூபிக்காது. ஒரு தப்பை இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவன் பெரிய தப்பு ஒன்றை அதற்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறான் என்று எழுதினேன். நீங்கள் அந்த வரியின் கீழ் கோடு போட்டிருக்கிறீர்கள். உங்கள் தொழிலிலும் அப்படித்தானே.

பெயின்ட் அடித்து வந்தது. நண்பகலில் நிறம் பொருந்தும், பொழுது சாயும்போது மூடி மட்டும் லேசாகப் பச்சை காட்டும். மூடியின் ரப்பர் ஓரம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. பதினோரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தது. கேட்டேன்.

"மேட்டுச் சாலைல நாலு தடவை இறக்கிப் பாத்தேன் தம்பி. அந்தச் சத்தம் என்னைக் கண்டா வாயை மூடிக்குது. மறுபடி வந்தா வாங்க, நான் விடமாட்டேன்."

இங்கேதான் சோதனைகளைத் தொடங்கினேன். ஒரு ஆளைச் சந்தேகப்படுவது சுலபம். என்னைப் போலத் தன்னையே நம்பாதவன் அதைச் சோதித்தும் பார்க்க வேண்டும். இருபத்தேழு கட்டத்திலும் டிக் போடுகிறார்கள். எல்லாவற்றையும் உண்மையிலேயே பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்களா?

நவம்பர் இருபத்திரண்டு. கண்ணாடி துடைக்கும் தண்ணீரை முழுவதும் வெளியேற்றிவிட்டு வண்டியை விட்டேன். சத்தம் என்று காரணம் சொன்னேன், சத்தம் உண்மையாகவே இருந்தது. தாளில் 'தண்ணீர் நிறைவு' என்று டிக் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். தண்ணீர் நிறைந்திருந்தது. உறையாத நல்ல வகை. அதாவது பார்த்திருக்கிறார், நிரப்பியிருக்கிறார்.

முதலில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தேன். நான் சோதிக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு நல்ல வகையை ஊற்ற வேண்டும்?

நீங்கள் கேட்கப் போகும் வெற்றுப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். நவம்பர் இருபத்தெட்டு.

அன்று சமையலறை மேசையில், கீறல் இருந்தபோதே எடுத்த அளவுகளை வைத்து அந்தப் பிறையைக் கட்டம் போட்ட தாளில் அதே அளவுக்கு வரைந்து வைத்திருந்தேன். சர்வீஸ் நிலையத்தில் பார்த்த சாமான்களின் அடிப்பாக வட்டங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் குவளை, கைவிளக்கு, தகர டப்பா. எதுவும் பொருந்தவில்லை. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது?"

"டிக்கி மேல இருந்த கீறல். அவன் எதை வெச்சான்னு பாக்கறேன்."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். "திட்டாதே கண்ணு. அது அந்த ஆள் வெச்சதில்ல."

"பின்ன?"

"தேவதூதர் திருநாள் அன்னைக்கு நீ வண்டியை வாசல்ல விட்டுட்டு வேலைக்குப் போனதும் ஃபாதர் இஃப்திமியேவைக் கூட்டிட்டு வந்தேன். மந்திரிச்சா வண்டில எண்ணெய் தடவுவாங்க, வேணாம்னு நீ சொன்னது தெரியும். ஆனா மந்திரிக்காத வண்டில என் புள்ளை போறான்னு நெனச்சா எனக்குத் தூக்கமே இல்ல. அவரு ஜெபம் சொல்லித் தண்ணி தெளிச்சாரு. தீர்த்தச் செம்பை ஒரு நிமிஷம் டிக்கி மேல வெச்சாரு. எடுக்கறப்ப லேசா இழுபட்டுது. நான் பாத்தேன். துடைச்சா போயிடும்னு நெனச்சேன்."

"மூணு வாரமா ஏன் சொல்லல?"

"நீ நோட்டைத் தொறந்து வெச்சு உக்காந்திருக்கறப்ப உங்கிட்ட எதைச் சொல்லவும் பயமா இருக்குடா." பிறகு சொன்னாள், "அந்த மனுசன்கிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லிடு. பாவம், சாப்பாடெல்லாம் குடுத்து விட்டாரு."

சொல்கிறேன் என்றேன்.

அம்மா சொன்னாள் என்பதற்காக நம்பிவிடக் கூடாது. மறுநாள் காலை தேவாலயத்துக்குப் போனேன். செம்பின் அடிவிளிம்பை அளக்க அனுமதி கேட்டபோது பாதிரியாருக்குச் சிரிப்பு வந்தது. "அளந்துக்கப்பா, இதுக்குள்ள இருக்கறதைத்தான் அளக்க முடியாது" என்றார். தாளை விளிம்பில் வைத்தேன். மயிரிழைகூடப் பிசகாமல் பொருந்தியது.

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, இன்ஸ்பெக்டர். கிழித்திருந்தால் மறைத்தது ஆகும். எழுதவில்லை, அவ்வளவுதான்.

கீறல் அவருடையது இல்லையென்றால் விஷயம் அங்கேயே முடிந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அதையும் யோசித்தேன். ஆனால் பாலிஷ் தழும்பு பாதிரியாருடையது அல்ல. பச்சை நிறமும் வெட்டுப்பட்ட ரப்பரும் பாதிரியாருடையவை அல்ல. அதோடு அதற்குள் நாளுக்கு இரண்டு பக்கத்துக்கும் மேலாக நாற்பத்தொரு பக்கம் எழுதியிருந்தேன். எல்லாப் பக்கங்களும் ஒரே ஆளைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன. தொழிற்சாலையில் சிவப்புச் சீட்டு ஒட்டிய கதவை மறுபடி நல்ல கதவு ஆக்க முடியாது. சீட்டைப் பிய்த்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.

கீறல் ஒரு உதாரணம்தான். கேள்வி அவர் கவனமானவரா என்பது. அதை ஒரு கீறலை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று அம்மா சொன்னதிலிருந்தே தெரிந்தது. ஆகவே எந்தச் சந்தேகமும் மிஞ்சாத ஒரு சோதனை வைக்க வேண்டியிருந்தது. தண்ணீரைப் போல அற்பமானதாக இருந்தால் யாரும் அதைச் சோதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாளில் ஆறாவது கட்டம், 'சக்கர போல்ட் இறுக்கம்'.

டிசம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை. தொழிற்சாலையில் அரை நாள் விடுப்பு சொன்னேன். சர்வீஸ் நிலையத்துக்கு முந்நூறு மீட்டருக்கு முன்னால் ரொட்டிக் கடைக்குப் பின்புறம் ஒரு சந்து இருக்கிறது. அங்கே நிறுத்தி முன்பக்கம் இடது சக்கரத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். மிச்ச தூரத்தை நடை வேகத்தில் ஓட்டினேன். எனக்கும் ஆபத்து இருந்தது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கவ்ரில் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"வாங்க மாப்பிள்ளை. உங்க வண்டி என்னை விட்டுப் பிரிய மாட்டேங்குது. என் பொண்டாட்டிகூட இத்தனை தடவை என்னைத் தேடி வந்ததில்ல."

"சத்தம் நிக்கலண்ணே. மேட்டுச் சாலைல இறங்கறப்ப. இப்பல்லாம் எழுபதுக்குப் போனாத்தான் வருது."

இதில் முதல் பாதி உண்மை.

"இன்னைக்கு அதுவா நானான்னு பாத்துடறேன். நாளைக்கு வாங்கிக்கறீங்களா?"

"இல்லண்ணே, ஏழு மணிக்குள்ள வேணும். அம்மாவைத் தோள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

இது உண்மை இல்லை. டாக்டர் அடுத்த வாரம்தான்.

அவர் முகம் மாறியது. "அம்மாவுக்கா. சரி. வேற யார்கிட்டயும் குடுக்காம நானே எடுக்கறேன். ஏழுக்கு வந்து நில்லுங்க, சாவியைக் கைல குடுக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அந்தப் பாலிஷ் விஷயம் இன்னும் மனசுல இருக்கா?"

"இல்லண்ணே."

"இருக்கும். எனக்கே இருக்கு. முப்பது வருஷத்துல நாலு தடவைதான் இப்படி ஆயிருக்கு. நாலும் எந்த வண்டின்னு சொல்லுவேன்."

அம்மா சொல்லச் சொன்ன ஒரு வார்த்தையைச் சொல்ல அது சரியான இடமாக இருந்தது. பாதிரியார், செம்பு, திருநாள். சொல்லியிருந்தால் அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் சோதனை தொடங்கிவிட்டது. நடுவில் பேசுவது முறையல்ல.

பள்ளிக்கு நடந்து போனேன். ஐந்தரைக்கே போய் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அன்று மாதிரித் தேர்வு.

நடந்ததை உங்கள் ஆட்கள் அளந்திருக்கிறார்கள். ஆறு பன்னிரண்டுக்கு, அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கையில், மேட்டுச் சாலையின் மூன்றாவது வளைவில் சக்கரம் கழன்றது. வண்டி கம்பித் தடுப்பைத் தாண்டி ஆற்றங்கரைச் சரிவில் விழுந்தது. அவர் அரை மணி நேரம் உயிரோடு இருந்தார் என்று சொன்னீர்கள். எழுபதில் போயிருக்க மாட்டார், நாற்பதுக்குள்தான் என்றும் சொன்னீர்கள். ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது போல. சத்தத்தைத் தேடிப் போனவர், காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இறங்கியிருப்பார்.

அவர் மனைவி துதோரிட்சா காவல் நிலைய வாசலில் என்னைப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்க வண்டியைப் பத்தித்தான் ஒரு மாசமா வீட்டுல பேச்சு, தூக்கத்துலகூட அந்த டிக் டிக் சத்தத்தைப் போட்டுக் காட்டுவாரு என்றார். என்னை விசாரிக்கக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போது தெரியாது.

போல்ட்டைத் தளர்த்தியது நான்தான். இதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்திருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பார் என்று உங்களிடம் மூன்று நாளாகச் சொல்லி வந்தேன். பார்க்காமல் டிக் போட்டான், அதற்கான விலை என்றேன். இன்று காலை நீங்கள் முன் இருக்கைக்கு அடியில் கிடைத்த தாளை என் முன் வைத்தீர்கள்.

இருபத்தாறு டிக். ஆறாவது கட்டம் காலி. பக்கத்தில் அவர் கையெழுத்து: 'எல்லாம் திருட்டுத் தடுப்பு போல்ட். திறக்கிற சாவி வண்டியில் இல்லை. தம்பியைக் கேட்கணும்.'

ஆம். எங்கள் குடியிருப்பில் சக்கரம் திருடுகிறார்கள், அதனால் எல்லாச் சக்கரத்துக்கும் அந்த வகைதான் போட்டிருந்தேன். அதற்கென்று தனிச் சாவி இல்லாமல் அவற்றைத் தளர்த்தவும் முடியாது, இறுக்கிப் பார்க்கவும் முடியாது. விரலளவு இரும்பு. வழக்கமாக டாஷ்போர்டு அறைக்குள் இருக்கும். அன்று என் கோட்டுப் பையில் இருந்தது. சந்தில் வேலை முடிந்ததும் பையில் போட்டேன். மறந்து போட்டேன் என்று எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதவில்லை.

அவர் என்னைக் கேட்கவும் செய்தார். மூன்று தடவை. ஐந்து ஐம்பத்தைந்து, ஐந்து ஐம்பத்தெட்டு, ஆறு இரண்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரம் இருக்கிறது, யார் அழைத்தது என்றும் இருக்கிறது. வினாத்தாள் இன்னும் கொடுக்கவில்லை, போன் மேசை மேல் கிடந்து நடுங்கியது. பக்கத்தில் இருந்தவன், "எடுடா, யாரோ சாகற மாதிரி அடிக்கறான்" என்றான். பிறகு நின்றுவிட்டது. ஏழு மணிக்குள் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன், அம்மாவுக்காக. அவர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை.

அப்படியானால் அவர் கவனமானவர்தானே என்று கேட்கிறீர்கள். இருக்கலாம். அதை நான் எழுதிக்கொள்கிறேன். ஏன் எடுக்கவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். தேர்வில் உட்கார்ந்திருக்கிறவன் கேட்டான் என்பதற்காக விடையைச் சொல்லிவிட்டால், அப்புறம் அது என்ன தேர்வு?